கை, கார்டு, கேபினெட்: மூன்றும் ஒரே மட்டத்தில்

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. விட்டு விட்டு 'பீப்' சத்தம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், தென்னேரி என்று எந்த ஊர் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான். ரேமைக் கழற்றி, அதன் தங்க முலாம் பூசிய பின்களை அழிரப்பரால் நாலு இழுப்பு தேய்த்து, வாயால் 'ஃபூ' என்று ஊதி, 'டக்'கென்று திரும்பச் செருகுவார்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பின்களில் படிந்த அழுக்கு இதனால் போவது உண்மை. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் வெள்ளை அழிரப்பர்களில் பெரும்பகுதி ரப்பரே அல்ல, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். உராயும் பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி வைத்துக்கொள்வதில் பி.வி.சி.யை மிஞ்சும் பொருள்கள் குறைவு. அதைப் பிடித்துத் தேய்ப்பவரோ பிளாஸ்டிக் நாற்காலியில், ரப்பர் செருப்போடு, பாலியஸ்டர் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரேமில் கை வைப்பதற்கு முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டாரா என்றால், அதுவும் இல்லை. அந்த அரை நிமிடத்தில் நடக்கக்கூடிய சேதமும், அதைச் செலவில்லாமல் தவிர்க்கும் வழிகளும்தான் இந்த அத்தியாயம். (பின்களைத் துடைக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும், நூல் பிரியாத துணியும் போதும். வாயால் ஊதுவது எச்சிலைத் தெளிப்பது, தாமிரத்துக்கு ஆகாது.)

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரிந்தாலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவுகிறது. உராய்ந்தால் இன்னும் கூடுதலாக. தாவிய மின்னேற்றம் வழிந்தோட வழியில்லாமல் அங்கேயே தேங்கினால் அது நிலைமின்சாரம், கடை மொழியில் 'ஸ்டாட்டிக்'. எவ்வளவு தேங்கும் என்பதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980இல் வெளியிட்ட கையேட்டின் அட்டவணையை இன்றும் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமே இருக்கும்போது கம்பளத்தில் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். வினைல் தரையில் நடந்தால் 12,000. மேசையில் கிடக்கும் பாலிதீன் கவரைச் சட்டென்று எடுத்தால் 20,000. மேசை முன் உட்கார்ந்து வேலை செய்தாலே 6,000. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் இதே எண்கள் முறையே 1,500, 250, 1,200, 100 என்று சரிகின்றன.

வோல்ட் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். மனித உடல் தேக்கி வைக்கும் மின்னேற்றம் சொற்பம். சிப்புகளைச் சோதிக்கும்போது உடலை 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்ந்ததாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். 3,000 வோல்ட் ஏறிய உடலில் இருக்கும் ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் குறைவு. ஆனால் அது ஒரே வீச்சில் வெளியேறுகிறது. ஒரு நொடியைக் கோடி கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறு நேரத்துக்குள், 2 ஆம்பியர் வரை உச்சம் தொட்டு, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய தடத்தின் வழியே பாய்கிறது. டிரான்சிஸ்டரின் கேட்டுக்குக் கீழே இருக்கும் சிலிக்கான் ஆக்சைடு ஏடு, ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 1 வோல்ட்தான் தாங்கும். அந்த ஏட்டின் தடிமனே சில நானோமீட்டர்கள்.

இதில் வம்பு என்னவென்றால், 3,000 வோல்ட் அளவுக்கு ஏறினால்தான் மனித விரலுக்கு 'சுருக்' என்று தெரியும். பாதுகாப்பில்லாத சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன். ஆகவே 'எனக்கு ஷாக் அடிக்கவில்லையே' என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. சேதம் செய்வது மின்னேற்றம் அல்ல, மின்னழுத்த வித்தியாசம். தென்னேரி ஏரி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் மதகுக்கு இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் மதகைத் திறந்தாலும் தண்ணீர் பாயாது. கை, கையில் இருக்கும் ரேம், அது போய் உட்காரப்போகும் மதர்போர்டு ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்துவிட்டால் பாய்வதற்கு ஒன்றும் இல்லை. பூமியோடு இணைப்பது இரண்டாம்பட்சம். மூன்றையும் ஒன்றோடொன்று இணைப்பதுதான் முதல் வேலை. பின்னால் வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த ஒரு விதியின் நீட்சிதான்.

பட்டு நெசவு நாட்டில் இந்த விஷயத்தைப் பேசும்போது பட்டை விட்டுவிட முடியாது. மின்சாரம் எதில் ஓடும், எதில் ஓடாது என்று உலகம் கண்டுகொண்டதே ஒரு பட்டு நூல் அறுந்ததால்தான். 1729இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கிரான்வில் வீலர் என்பவர் வீட்டில் ஸ்டீபன் கிரே ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, அதில் உண்டான மின்னேற்றத்தைச் சணல் கயிறு வழியே தூரத்துக்கு அனுப்பிப் பார்த்தார். கயிற்றைத் தாங்க மெல்லிய பட்டு நூல். எடை தாங்காமல் பட்டு அறுந்தபோது, அதே அளவு மெல்லிசான பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்னேற்றம் மாயமாகிவிட்டது. தாங்கும் நூல் மெல்லியதா தடிமனா என்பதல்ல, அது பட்டா பித்தளையா என்பதுதான் விஷயம் என்று கிரேக்குப் புரிந்தது. பட்டு மின்னேற்றத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பித்தளை விட்டுவிடுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1733இல், பிரான்சின் டு ஃபே மின்னேற்றம் இரண்டு வகை என்று கண்டார். கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்க்கும் அந்தப் பழைய சோதனை நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அறிமுகம்தான்.

அப்படியானால் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறக்கலாமா? வேண்டாம்; ஆனால் ஆபத்துப் பட்டியலில் பட்டு முதலிடத்தில் இல்லை. சாதாரண ஈரப்பதத்தில் பட்டு தன் எடையில் 11 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்பது நூல் வணிகத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கு. பருத்திக்கு இது 8.5. பாலியஸ்டருக்கு வெறும் 0.4. இழைக்குள் ஈரம் இருந்தால் மின்னேற்றம் மெல்ல வழிந்துவிடும். ஈரத்தையே அண்டவிடாத பாலியஸ்டரில் அது மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆகவே அசல் பட்டைவிட, பட்டு என்று சொல்லி விற்கப்படும் பாலியஸ்டர் புடவைதான் மதர்போர்டுக்குப் பெரிய பகை. பருத்திச் சட்டை, பருத்திப் புடவை, துவைத்துத் துவைத்து நைந்த கைலி எல்லாம் நல்லவை. கையை முழங்கை வரை மடித்துவிடுவது இன்னும் நல்லது. முந்தானையோ துப்பட்டாவோ போர்டின் மேல் உரசாமல் செருகிக்கொள்ள வேண்டும். கண்ணாடி வளையல் இருந்துவிட்டுப் போகட்டும். மோதிரத்தையும் தங்க வளையலையும் கழற்றி வைப்பது ஷார்ட் ஆகாமல் இருக்க.

ஈரத்துக்கும் இழைக்கும் உள்ள உறவு காஞ்சிபுரத்து நெசவாளிக்குப் புதிதல்ல. குழித்தறியில், காலை மண் குழிக்குள் விட்டு நெய்கிறவருக்கு, குழியின் ஈரம் பாவு இழையை அறுபடாமல் காக்கும் என்பது தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இதையே இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள். காற்று காய்ந்தால் நூல் அறுவது மட்டுமல்ல, மின்னேறிய இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்த்து நிற்கும். அட்டை கோத்த ஜக்கார்டு இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வரும்போது, தறிக்கும் மதர்போர்டுக்கும் ஒரே அறை, ஒரே காற்று என்று ஆகிறது. தறி மேல் ஏறி அதன் கன்ட்ரோலர் பெட்டியைத் திறக்கிறவருக்கும் இந்த அத்தியாயத்தின் விதிகள் அப்படியே பொருந்தும்.

நம் வட்டாரத்தின் தட்பவெப்பம் பெருமளவு நமக்குச் சாதகம். கடல் காற்றும் ஏரிக் காற்றும் உள்ள இடத்தில் வருஷத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல்தான். கவனம் வேண்டியது இரண்டு இடங்களில். ஒன்று, மே முதல் ஜூலை வரை மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசும் மதியங்கள். மற்றொன்று, ஏ.சி. அறை. வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் முழுக்க அந்த அறையின் காற்றிலிருந்து பிழிந்தெடுத்ததுதான். நாள் முழுக்க ஏ.சி. ஓடிய அறையில், அதுவும் கார்பெட் விரித்திருந்தால், கேபினெட்டைத் திறப்பதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிடலாம். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும். அதற்காகப் போர்டின் அருகே தண்ணீர் தெளிக்கிற வேலை வேண்டாம்.

செருப்பை வாசலில் விடும் வழக்கமும் ஒரு வகையில் காப்பு. சிமென்ட் தரை, சிவப்பு ஆக்சைடு தரை இரண்டும் ஈரத்தை உள்வாங்கி வைத்திருப்பவை. வெறுங்காலோடு அவற்றில் நிற்பவர் உடலில் மின்னேற்றம் நிற்பது அரிது. ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டாலோ, வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸில் நின்றாலோ அந்த வசதி போச்சு. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சிப்பைக் காக்கும் அதே வெறுங்கால்தான், 230 வோல்ட் லைனில் கை பட்டால் ஆளைக் கொல்வதும். பிளக்கைப் பிடுங்காமல் வெறுங்காலோடு எதையும் திறக்கக் கூடாது.

தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் கம்பெனி பஸ் எட்டும் தூரம். 2006இல் நோக்கியா அங்கே கைபேசி ஆலையைத் தொடங்கியது. 2007இல் டெல் தன் கணினி ஆலையைத் தொடங்கியது. நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டாலும், ஃபாக்ஸ்கான், சாம்சங், ஃபிளெக்ஸ் என்று எலக்ட்ரானிக்ஸ் வேலை அந்தப் பக்கம் நிற்கவில்லை. வீட்டில் ஒருவர் தறியில், இன்னொருவர் அசெம்பிளி லைனில் என்று இருக்கும் குடும்பங்களில் 'இ.எஸ்.டி.' என்பது வீட்டுச் சொல். மின்னேற்ற வெளியேற்றத்துக்கு ஆலை வைத்திருக்கும் சுருக்கப்பெயர் அது.

இத்தகைய ஆலைகளில் கடைப்பிடிக்கும் முறை சுவாரசியமானது. உள்ளே நுழைவதற்கு முன் தனிச் செருப்பு, கார்பன் இழை ஊடாடிய தனிக் கோட்டு. வாசலில் ஒரு சோதனைக் கருவி. மணிக்கட்டுப் பட்டையை மாட்டி, கால்களை உலோகத் தகட்டில் வைத்து, விரலால் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் பட்டையை மாற்றிவிட்டு மறுபடி. 1999இல் முதன்முதலாக வெளிவந்த எஸ்.20.20 என்னும் அமெரிக்கத் தரமும், அதற்கு இணையான ஐ.ஈ.சி. 61340 தரமும் இதற்கு இலக்கணம். உடலில் 100 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடக் கூடாது என்பது அங்கே இலக்கு. மணிக்கட்டிலிருந்து எர்த் வரை மொத்தத் தடை 35 மெகாஓமைத் தாண்டக் கூடாது. இவ்வளவு ஏற்பாடும் வீட்டு மேசைக்குத் தேவையில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மணிக்கட்டுப் பட்டையும், மேசையில் விரிக்கும் இ.எஸ்.டி. பாயும் மட்டும்.

மணிக்கட்டுப் பட்டை, அதாவது ரிஸ்ட் ஸ்ட்ராப், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. உள்பக்கம் ஓர் உலோகத் தகடு, சுருள் ஒயர், முனையில் முதலைக் கிளிப். தகடு தோலை இறுக்கமாகத் தொட வேண்டும். சட்டைக் கையின் மேல் கட்டினால் அலங்காரம்தான். ஒயருக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒளிந்திருக்கிறது. தவறிப்போய் 230 வோல்ட்டில் மறு கை பட்டாலும் இந்தப் பட்டை வழியே ஓடும் மின்சாரம் கால் மில்லிஆம்பியரைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. 'எதற்கு இந்த ரெசிஸ்டர்' என்று அதை வெட்டிவிட்டு வெறும் ஒயரைக் கட்டிக்கொள்பவர் தன் உயிரைக் கேபினெட்டோடு கட்டிக்கொள்கிறார். வாங்கியவுடன் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையைக் கிளிப்பிலும் வைத்துப் பார்த்தால் சுமார் 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. பட்டைகளில் அடிக்கடி அறுவது சுருள் ஒயர் தகட்டைச் சேரும் கழுத்துப் பகுதிதான்.

ஒயரே இல்லாத பட்டையும் ஆன்லைனில் விற்கிறது. மின்னேற்றம் போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா? வாங்க வேண்டாம்.

கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கேபினெட்டின் பெயின்ட் பூசாத இரும்பில். கறுப்பு பவுடர் கோட்டிங் உள்ள இடம் பார்க்கத்தான் இரும்பு, மின்சாரத்துக்கு அது பிளாஸ்டிக். எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளைப் பெட்டியைக் கேபினெட்டோடு பிடித்திருக்கும் திருகுத் தலை, பின்பக்கத் துளைகளின் ஓரம், ஹார்டு டிஸ்க் பொருத்தும் பூசாத தகடு இவை சரியான இடங்கள். கேபினெட் எர்த்தோடு இணையாமல் இருந்தால்கூட, கையும் அதுவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மேசையில் இ.எஸ்.டி. பாய் விரித்திருந்தால் அதன் ஒயரையும் அங்கேயே இணைத்து, வெளியே எடுத்த பாகங்களைப் பாயின் மேல் வைக்க வேண்டும்.

பட்டை இல்லையா? வெறும் கையாலும் முக்கால்வாசி வேலை ஆகும். கழற்றும் முன் திருகுத் தலையைத் தொடுவது, இடது முழங்கையைக் கேபினெட்டின் பூசாத விளிம்பில் ஊன்றிக்கொண்டே வேலை செய்வது, எழுந்து நடந்துவிட்டு வந்தால் மறுபடி தொட்டுவிட்டுத் தொடங்குவது. 'முதலில் ஒருமுறை தொட்டாச்சு' என்று அதை ஒரு சடங்காகச் செய்வதில் பயனில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே கணக்கு மறுபடி ஆரம்பமாகிவிடும்.

பிளக் விஷயத்தில் சர்வீஸ் ஆட்களிடையே ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கை மட்டும் விட்டுவைத்தால் எர்த் இணைப்பு இருக்குமே என்பார்கள் ஒரு சாரார். வயரிங் சரியாக இருக்கும் வீட்டில் அது உண்மை. ஆனால் பழைய வீடுகளில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சகஜம். அப்போது சுவிட்ச் அணைத்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும். பிடுங்கிவிடுவதே இந்த நூலின் பரிந்துரை. பிடுங்கிய பிறகு முன்பக்க பவர் பட்டனை ஐந்து, பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்னேற்றம் வடிந்து, மதர்போர்டில் எரிந்துகொண்டிருக்கும் குட்டி விளக்கு அணையும். அது அணையும்வரை ரேமில் கை வைக்க வேண்டாம்.

ஸ்டாட்டிக் என்ற பெயரில் வேறொரு பேயும் நம் ஊரில் உலவுகிறது. கேபினெட்டின் பின்பக்கத்தைத் தடவினால் 'ஜிவ்'வென்று விரலில் ஓடுகிறதே, அது நிலைமின்சாரம் அல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டியில் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் கம்பி இல்லாத சாக்கெட்டிலோ, மூன்று பின் பிளக்குக்கு இரண்டு பின் அடாப்டர் மாட்டியோ ஓட்டினால், கேபினெட் முழுக்கச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கலாக எரியும். ஆளுக்கு உறைக்கும், கொல்லாது. ஆனால் அந்தக் கேபினெட்டின் எச்.டி.எம்.ஐ. கேபிளை, எர்த் உள்ள வேறொரு டி.வி.யில் ஆன் நிலையிலேயே செருகினால் வித்தியாசம் முழுக்க அந்த முனையில் பாயும். போர்ட் போனது ஸ்டாட்டிக்கால் என்று கடையில் சொல்லுவார்கள். போனது எர்த் இல்லாததால். இங்கேயும் விதி அதேதான், இரண்டு பக்கமும் ஒரே மட்டம் இல்லை.

தீர்வு எலக்ட்ரீஷியனிடம். சாக்கெட்டின் பெரிய துளைக்கும் (அதுதான் எர்த்) பேஸுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், பெரிய துளைக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டும் மல்டிமீட்டர் காட்ட வேண்டும். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு இரும்புக் குழாய் இறக்கியிருப்பார்கள். கோடையில் மண் காய்ந்தால் அது வெறும் குழாய்தான். வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. எர்த் போடுவதற்கென்று ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரமே இருக்கிறது. பட்டையின் கிளிப்பை நியூட்ரலில் மாட்டுவது தற்கொலைக்குச் சமம். தண்ணீர்க் குழாயில் மாட்டலாம் என்பது இரும்புக் குழாய்க் காலத்து யோசனை. இப்போது சுவருக்குள் ஓடுவது பி.வி.சி.

பட்டையைக் கழற்றியே தீர வேண்டிய இடமும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறப்பது, யு.பி.எஸ்., பழைய பெட்டி மானிட்டர் இவற்றில் கை வைப்பது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட், சில வகைகளில் 400 வரை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். பெட்டி மானிட்டரின் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல். அங்கே உடலை எர்த்தோடு கட்டிக்கொள்வது பாதுகாப்புக்கு நேர் எதிர்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அனுபவமுள்ள மெக்கானிக் சிரிப்பார். "அண்ணே, பத்து வருஷமா வெறுங்கையாலதான் மாட்டறேன், ஒரு போர்டுகூட போனதில்ல." அவர் பொய் சொல்லவில்லை. இன்றைய சிப்புகளின் ஒவ்வொரு பின்னிலும் பாதுகாப்பு டயோடுகள் உள்ளேயே கட்டப்பட்டுள்ளன. தனிச் சிப்பைவிட, போர்டில் பொருத்தி முடித்த சிப் பெரும்பாலும் கூடுதலாகத் தாங்கும். ஊரின் ஈரப்பதமும் அவருக்குக் காவல். 1960களின் மாஸ் (எம்.ஓ.எஸ்.) வகை டிரான்சிஸ்டர்கள் கால்களைச் சுற்றி உலோக வளையம் மாட்டித்தான் கடைக்கு வந்தன. சர்க்யூட்டில் பற்றவைத்த பிறகே வளையத்தை எடுக்க வேண்டும். அந்தக் காலம் மலையேறிவிட்டது.

ஆனால் அவர் கவனிக்காத இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சிப் நிறுவனங்கள் நெடுங்காலம் மனித உடல் சோதனையில் 2,000 வோல்ட் தாங்க வேண்டும் என்று வைத்திருந்த இலக்கை, 2008இல் சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் வெளியிட்ட பரிந்துரை 1,000 வோல்ட்டாகக் குறைத்தது. வேகமான சிப்பில் தடிமனான பாதுகாப்புக்கு இடமில்லை; ஆலைகள் ஒழுங்காகக் கையாள்கின்றன, ஆகவே இது போதும் என்பது வாதம். ஆலைக்கு அது சரி. ஆலையைத் தாண்டி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பாலிதீன் கவரில் பஸ் ஏறி வரும் ரேமுக்கு அந்த வாதம் பொருந்துமா?

அடிபட்ட சிப் உடனே சாகாமல் நொண்டிக்கொண்டே ஓடி, மாதங்கள் கழித்துச் சாகும் என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன. அது நடக்கக்கூடியதே, ஆனால் எவ்வளவு அடிக்கடி என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. கடை மேசையில் அதை நிரூபிக்க வழியும் இல்லை. சிப்பின் மூடியைக் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் துளை தெரியும். ஆகவே ஏதாவது போர்டு போனால் "ஸ்டாட்டிக் அடிச்சிருக்கு சார்" என்று சொல்லும் கடைக்காரரையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

மின்னேறுவது மனிதன் மட்டுமல்ல, பாகமும்தான். தெர்மோகோலில் உரசிய சிப், பாலிதீன் கவரிலிருந்து வழுக்கி வெளியே வந்த கார்டு இவற்றில் மின்னேற்றம் ஏறியிருக்கும். அதைக் கொண்டுபோய் எவர்சில்வர் மேசையில் வைத்தால் பளிச்சென்று ஒரே நொடியில் இறங்கும். அந்த வேகம்தான் சிப்பை உடைக்கிறது. உலோகத் தகடும் அலுமினிய ஃபாயிலும் நல்ல பாய் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. போதாக்குறைக்கு மதர்போர்டின் பட்டன் பேட்டரியும் ஃபாயிலில் ஷார்ட் ஆகும். இ.எஸ்.டி. பாயின் தடை 10 லட்சம் ஓமிலிருந்து 100 கோடி ஓம் வரை இருப்பது மின்னேற்றம் அவசரப்படாமல் இறங்கத்தான். பாய் இல்லாவிட்டால் வெறும் மர மேசையோ, அட்டைப் பெட்டியின் மேல்பக்கமோ போதுமானது.

பைகளிலும் ஏமாற இடமுண்டு. இளஞ்சிவப்புக் கவர் தானாக மின்னேறாது, அவ்வளவுதான். வெளியேயிருந்து வரும் அடியைத் தடுக்காது. சாம்பல் வெள்ளி நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் பைதான் முழுக் கவசம். அதுவும் வாயை மடித்து மூடினால்தான். கார்டை அந்தப் பையின் மேல் வைத்துவிட்டுக் கவசம் போட்டாச்சு என்று நினைப்பவர்கள் ஏராளம். பையின் வேலை உள்ளே வைத்தால்தான். பழைய பைகளை எறியாமல் சேர்த்துவைப்பது நல்ல பழக்கம், ஆனால் கசங்கி, ஓட்டை விழுந்தவை கழிக்க வேண்டியவை. செல்லோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது அதுவே சில ஆயிரம் வோல்ட் தரும். கார்டுக்கு அருகில் வைத்து உரிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது.

தூசு தட்டும் நாளில் இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு வாக்வம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கு, ஓடும் தூசியில் உரசி உரசி மின்னேறுகிறது. அதைப் போர்டின் மேல் நேராக வைக்கக் கூடாது. கடைகளில் உள்ள புளோயர் பரவாயில்லை, தள்ளிப் பிடித்தால். புளோயர் காற்றில் ஃபேன்களைச் சுழலவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுழலும் ஃபேன் டைனமோவாகி எதிர்ப்பக்கம் மின்சாரம் அனுப்பும். நைலான் பெயின்ட் பிரஷுக்குப் பதில் கறுப்புக் கைப்பிடி உள்ள இ.எஸ்.டி. பிரஷ். சால்டரிங் அயன் மூன்று பின் பிளக் உள்ளதாக, நுனி எர்த்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் விற்கும் இரண்டு பின் அயன் சிப் வேலைக்கு ஆகாது.

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு சின்ன மரியாதை உண்டு. கார்டை நீட்டுவதற்கு முன், வாங்குகிறவரின் கையை நீட்டுகிறவர் தொட்டுவிட வேண்டும். "கையக் குடு தம்பி" என்று சொல்லித் தொட்ட பிறகு கார்டு கை மாறினால் போதும். கார்டை எப்போதும் ஓரங்களில் பிடிப்பது, பின்களில் விரல் படாமல் பார்ப்பது, செருகும் முன் கார்டின் உலோகப் பட்டியைக் கேபினெட்டில் முதலில் படவிடுவது எல்லாம் பழகிவிட்டால் யோசிக்காமலே வரும்.

கழற்றிய பாகத்தை வாரண்டிக்கு அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். ஹார்டு டிஸ்க் நிறுவனங்களின் ரிட்டர்ன் விதிகள் ஆன்ட்டி ஸ்டாட்டிக் பையில் வைத்து அனுப்பச் சொல்கின்றன. முதலில் கவசப் பை, அதன் மேல்தான் பபிள் ராப். பாகத்தின் மேல் நேரடியாக பபிள் ராப் சுற்றினால் பயன் தலைகீழாகிவிடும். பெட்டியின் காலி இடத்தில் தெர்மோகோல் உருண்டைகளுக்குப் பதில் கசக்கிய செய்தித்தாளைத் திணிக்கலாம். சீரியல் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையின் வெளிப்புறம் ஒட்டிவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணைப் பார்ப்பதற்காக யாரும் பையைப் பிரிக்க வேண்டியிருக்காது.